கேசட் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கேசட் பதிவுக் கடைகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையைப் படித்தேன். திருப்பாதிரிப்புலியூரில் 1987 முதல் அப்படி ஒரு கடை நடத்தியவன் நான். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி வருவது, 60 நிமிடக் கேசட்டுக்குப் பன்னிரண்டு பாட்டு, 90 நிமிடக் கேசட்டுக்குப் பதினெட்டு, எல்லாம் அதில் சொன்னபடிதான். நெய்வேலியிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். ஆனால் நாங்கள் செய்ததை ‘இசைச் சேவை’ என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓர் இசைத்தட்டை விலைக்கு வாங்கி, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் கேசட் போட்டோம். எழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ பாடியவருக்கோ ஒரு பைசா போகவில்லை. சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்தை 1984-ல் திருத்தி, மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்று கடுமையாக்கிவிட்டார்கள். நான் கடை திறந்ததே அதற்கு மூன்று வருடம் கழித்து.

பெரிய கம்பெனிக்கு இதில் என்ன நஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

1991 வாக்கில் ஓர் ஓதுவார், பாடலீஸ்வரர் கோயில் தேவாரப் பாடல்களைக் கைக்காசு போட்டுச் சென்னையில் பதிவு செய்து, இருபது கேசட்டை என் கடையில் வைத்துவிட்டுப் போனார். விலை 25 ரூபாய், விற்றால் எனக்கு 5. பத்து விற்றது. அப்புறம் கேட்டவர்களுக்கு நானே பதிவு செய்து கொடுத்தேன். அதில் எனக்குப் பத்து ரூபாய் மிஞ்சும். ஒரு மாதம் கழித்து வந்து, “இன்னும் கொண்டு வரட்டுமா தம்பி?” என்று கேட்டார். “ஓடல ஐயா” என்றேன். மீதிப் பத்தையும் எண்ணி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார். தேவாரம் எல்லோருக்கும் சொந்தம், சரி. அந்தக் குரலும் ஸ்டுடியோ வாடகையும் அவருடையவை. அடுத்த கேசட் அவர் போடவே இல்லை.

அன்றைக்குக் கடலூரில் நிறையப் பாட்டுக்கு ஒரிஜினல் கிடைக்காது என்பது உண்மை. ஓதுவாரின் கேசட்டோ என் அலமாரியிலேயே இருந்தது.

இப்போது கிராக் செய்த (பூட்டை உடைத்த) சாஃப்ட்வேர், கேம், பாட்டு என்று எதைக் காசில்லாமல் எடுத்தாலும், ‘பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்’ என்ற அதே கணக்கைத்தான் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு சினிமாப் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது. நாம் கை வைப்பது அந்தப் பங்கில். சாஃப்ட்வேருக்குக் காசில்லை என்றால் எழுத்து வேலைக்கு லிப்ரேஆபிஸ், படம் திருத்த ஜிம்ப் போன்றவற்றைச் செய்தவர்களே இலவசமாகத் தருகிறார்களே!

அடுத்த கட்டுரையில் அந்த ஓதுவாரைப் போல உள்ளூரில் கேசட் போட்டவர்களைத் தேடி எழுதுங்கள். அவர் குரலில் என்னிடம் இருப்பது நான் போட்ட ஒரு பிரதிதான், இன்னும் ஓடுகிறது. அவர் குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், உங்கள் அலுவலகம் வழியாகத் தெரியப்படுத்தட்டும். அதையும் அன்றைய பாக்கியையும் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

முன்னாள் கேசட் கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்