மூன்று மணிக்குத் தூங்கியவர்

வள்ளிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் சொன்ன ஒரு விஷயம் என்னை உறங்கவிடவில்லை. "நாலாம் பெட் தாத்தா சாயங்காலத்திலிருந்து சிஸ்டர், சிஸ்டர்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரும்மா. மூணு மணிக்குத்தான் ஒரு வழியாத் தூங்கினாரு. அப்பாடான்னு இருந்துச்சு" என்றாய். காலையில் நன்றாகத்தான் இருந்தார் என்றும் சொன்னாய். சரி, சந்தோஷம். ஆனால் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன்.

1989. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். முப்பது கட்டில் வார்டுக்கு நைட் டியூட்டியில் நான் ஒருத்தி, ஆயா ஒருத்தி. ஆஸ்துமாவோடு ஒரு பெண் கிடந்தாள், இப்போதைய உன் வயசு இருக்கும். அவள் இழுக்கிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. அந்தக் காலத்தில் என்ன, டெரிஃபிலின் ஒரு ஊசி, டெக்சா ஒரு ஊசி, மூக்கில் ஆக்சிஜன் குழாய். மூன்று மணி வாக்கில் சத்தம் அடங்கியது. மருந்து பிடித்துவிட்டது என்று நினைத்தேன். போர்வையை இழுத்து மூடிவிட்டு, நோட்டில் '3.00, பேஷன்ட் ஸ்லீப்பிங்' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆயா வந்து, "சிஸ்டர், அந்தப் புள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டுது" என்றார். மார்கழி மாசம். ஓடிப்போய்ப் பார்த்தால் நகமெல்லாம் நீலம். ஸ்டெத் வைத்தால் நெஞ்சில் சத்தமே இல்லை.

காற்று குறுகின குழாய் வழியாகப் போகும்போதுதான் வீசிங், அந்த இழுக்கிற சத்தம், கேட்கும். காற்றே போகவில்லை என்றால் எங்கேயிருந்து கேட்கும்? சைலன்ட் செஸ்ட், சத்தமில்லாத நெஞ்சு, என்று உனக்குப் பரீட்சைக்கு வந்திருக்கும், எனக்கும்தான் வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் எவ்வளவு என்று பார்க்கிற ஏபிஜி டெஸ்டும் இதேபோல் ஏமாற்றும். ஆஸ்துமாவில் வேகவேகமாக மூச்சு விடுகிறவருக்குக் கார்பன் டை ஆக்சைடு இறங்கித்தான் இருக்க வேண்டும். 40 என்று நார்மலாக வந்தால், அவர் களைத்துப்போய்விட்டார் என்று அர்த்தம். அப்போதே டாக்டரைக் கூப்பிடு.

டியூட்டி டாக்டர் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டார். அங்கே வென்டிலேட்டர் இல்லை. மதுரைக்கு ஒரு வாடகைக் காரில் கொண்டுபோனோம். தொண்ணூறு கிலோமீட்டர் கிட்ட, வழியெல்லாம் கையால் மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையை நான் அமுக்கிக்கொண்டே போனேன். பயத்தில் கை தானாக வேகம் எடுக்கும். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, "உள்ளே போன காத்து வெளியே வரட்டும், பொறு" என்றார். ஆஸ்துமாக்காரருக்கு அவசரப்பட்டு அமுக்கினால் காற்று நெஞ்சுக்குள்ளேயே அடைந்து, பிரஷர் விழுந்துவிடும். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு வாரக்கணக்கில் இப்படிக் கையாலேயே பை அமுக்கியதையும், ஐசியு என்பதே அதிலிருந்து வந்ததையும் அப்புறம்தான் படித்தேன். அவர்களுக்காவது கை மாற்ற ஆள் இருந்தது.

அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் அந்தப் போர்வையை இழுத்து மூடியது நான்தானே.

இப்போது ஏன் இதெல்லாம் என்றால், போன வாரம் பக்கத்து ஆச்சி வீட்டிலும் இதே கதை. அறுபதாம் கல்யாணத்துக்கு வீட்டின் இரண்டாங்கட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நம்ம பலகார அக்காவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. பீடி சிகரெட் தொட்டதில்லை, ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் விறகுப் புகையில் தேன்குழலும் மனகோலமும் பிழிந்த நெஞ்சு. சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு வர அது போதும். ஆச்சி மகன் கொரோனா சமயத்தில் வாங்கிப்போட்ட ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைத் தூக்கிவந்து நிமிஷத்துக்கு 5 லிட்டரில் வைத்துவிட்டார்கள். நான் போனபோது அக்கா வளவுத் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். "சிஸ்டர், 100 வந்துருச்சு! அசந்து தூங்குது பாருங்க" என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

"அக்கா, எந்த ஊரு உங்களுக்கு?" என்றேன். நம்ம பக்கத்தில் ஊரையும் கோயிலையும் கேட்டால் யாரும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார்கள். அக்கா கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மூடிக்கொண்டார். கை சூடாக இருந்தது, நாடி திமுதிமுவென்று அடித்தது. விரலில் மாட்டும் கிளிப்புக்கு ஆக்சிஜன்தான் தெரியும், உள்ளே ஏறுகிற கார்பன் டை ஆக்சைடு தெரியாது. இந்த மாதிரி நெஞ்சுக்குக் கிளிப்பில் 88-லிருந்து 92 போதும், அதற்குமேல் ஆக்சிஜன் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறி இப்படித்தான் மயக்கும். ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்து என்பதால் ஒரு லிட்டருக்குக் குறைத்தேன். நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் ஒரு பெட்டியும் அதன்மேல் தலையணையும் போட்டுக் கையை ஊன்றச் சொன்னேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், தூங்கவிடவில்லை. 108 வந்ததும் அந்தத் தம்பியிடம் முதலில் சொன்னது '88-92' தான். முகமூடி வழியாக மூச்சுக்குத் துணை செய்கிற பைபாப் மெஷின் போட்டு ஆறு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆச்சிக்கு என்மேல் இன்னும் கோபம்தான், "நூறு இருந்ததை நீதானே குறைச்சே" என்கிறார்!

கட்டுவிரியன் கடியும் அப்படித்தான். தரையில் படுத்தவருக்கு வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார், கண்ணிமை சொக்கும், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவார்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல். முன்பு இருபது வரை வந்தவர் பத்தில் நின்றால், மூச்சுத் தசை போய்க்கொண்டிருக்கிறது.

மூச்சை எண்ணும்போது முழு நிமிஷம் எண்ணு. நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணு. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நான் பார்த்த சார்ட்டுகளில் பாதிக்குமேல் எல்லாருக்கும் 20 என்றுதான் எழுதியிருக்கும், ஊரே சேர்ந்து ஒரே தாளத்தில் மூச்சு விடுகிற மாதிரி. எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

கூப்பிட்டுத் தொல்லை பண்ணுகிறவரைத் திட்டாதே. கூப்பிட அவருக்குக் காற்று இருக்கிறது.

இதை விடிகாலைப் பல்லவன் ரயிலில் போகிற எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே சீப்புச் சீடை ஒரு டப்பா, மாவுருண்டை ஒரு டப்பா. உருண்டையை இரண்டு நாளில் தின்றுவிடு, நெய் ஜாஸ்தி. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

நாலாம் பெட் தாத்தாவுக்கு அன்றைக்கு மூன்று மணிக்கு மூச்சு எத்தனை, ஆக்சிஜன் எத்தனை லிட்டர் ஓடியது, எழுப்பிப் பார்த்தாயா? எழுது. திட்டமாட்டேன்.

அம்மா
காரைக்குடி