மொழிக்கு ஒரு லிஸ்டிங் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு மொழி புழங்கும் ஊர்களில் கடையைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவருவது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதுப் படம் போடுங்கள், ரிவியூவுக்குப் பதில் எழுதுங்கள் என்றெல்லாம் சொல்லியிருந்தது சரிதான். ஆனால் மொழிக்கு ஒன்றாகக் கூகுள் மேப்பில் இரண்டு லிஸ்டிங் (கடையின் பெயர், முகவரி, போன் நம்பர், வேலை நேரம் காட்டும் பதிவு) போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதை நம்பி இறங்குகிறவருக்கு இருக்கிற லிஸ்டிங்கும் கையைவிட்டுப் போகலாம்.

எனக்குப் பிழைப்பே இந்த வேலைதான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய லரேடோ நகரத்தின் கடைகளுக்கும் சரக்கு நிறுவனங்களுக்கும் வீட்டிலிருந்தபடி இரவில் வேலை செய்கிறேன். ரியோ கிராண்டே ஆற்றின் இந்தக் கரையில் லரேடோ, எதிர்க்கரையில் மெக்சிகோவின் நுவோ லரேடோ. ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்து ஸ்பானிஷில் முடிப்பவர்கள் வாழும் ஊர். 2023இல் மட்டும் 300 பில்லியன் டாலருக்கு மேல் பெறுமான சரக்கு இந்த எல்லைவாசலைக் கடந்தது. லாரி மெக்கானிக், கிடங்குக்காரர், சுங்கத் தரகர் என்று எல்லோருக்கும் மேப்பில் முதல் மூன்று பெயருக்குள் வந்துவிட வேண்டும்.

மைன்ஸ் ரோடு பக்கம் லாரி டயர் பார்க்கும் கடை ஒன்று என்னிடம் வந்தது. இதற்கு முன் பார்த்தவர் ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானிஷில் ஒன்று என்று இரண்டு லிஸ்டிங் திறந்து வைத்திருந்தார். ஒரே முகவரி, ஒரே போன் நம்பர். ரிவியூக்கள் இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தன. வேலை நேரத்தை ஆங்கில லிஸ்டிங்கில் மட்டும் மாற்றியிருந்ததால், ஸ்பானிஷ் லிஸ்டிங்கை நம்பி வந்த டிரைவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திட்டி எழுதியிருந்தார்கள். கடைசியில் நகல் என்று சொல்லிக் கூகுள் ஒன்றைத் தூக்கிவிட்டது. தூக்கியது எதை என்றால், ரிவியூ அதிகம் இருந்ததை!

ஓரிடத்தில் நடக்கும் ஒரு தொழிலுக்கு ஒரு லிஸ்டிங்தான் என்பது கூகுளின் விதி. மொழி இரண்டு என்பதால் கடை இரண்டாகிவிடாது. எதிர்க்கரையில் ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கும் அலுவலகம் தனியாக இருந்தால் அது வேறு விஷயம். அதற்குத் தனி லிஸ்டிங் போடலாம், போட வேண்டும். போன் நம்பரும் +52 என்று தொடங்கும் மெக்சிகோ நம்பராக இருப்பது நல்லது. கடைப் பெயரோடு நாலு ஸ்பானிஷ் தேடல் சொல்லை ஒட்டவைப்பதும் ஆகாது. போர்டில் என்ன பெயரோ அதுதான். யாராவது புகார் கொடுத்தால் லிஸ்டிங்கையே முடக்கிவிடுவார்கள். போட்டிக் கடைக்காரர் நிச்சயம் கொடுப்பார்.

அப்படியானால் இரண்டாவது மொழிக்கு எங்கே இடம்? வெப்சைட்டில். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியுள்ள பக்கம், எது எந்த மொழி என்று கூகுளுக்குச் சொல்லும் எச்ரெஃப்லாங் குறிப்பு, வாசகர் தானே மாற்றிக்கொள்ள மேலே ஒரு பட்டன். வருகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்து மொழியைத் தானாக மாற்றும் வித்தையை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். ஆற்றங்கரையில் நிற்கும் போன் எந்த நாட்டு டவரைப் பிடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? போதாததற்கு, கூகுளின் தேடு எந்திரம் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்துதான் பக்கங்களைப் படிக்க வருகிறது. அதையும் ஆங்கிலப் பக்கத்துக்கே தள்ளிவிட்டால், பாடுபட்டு எழுதிய ஸ்பானிஷ் பக்கம் அதன் கண்ணிலேயே படாமல் போகலாம்.

கட்டுரையில் வேலை நேரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் அனுபவத்தில் எல்லையோர ஊரில் பாதித் தகராறு அங்கேதான். தேடும் நேரத்தில் திறந்திருக்கும் கடைக்குக் கூடுதல் மதிப்பு தருவதை 2023 டிசம்பரில் கூகுளே உறுதி செய்தது. உடனே ஒரு கூட்டம், ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிற கடைக்கும் 24 மணி நேரம் என்று போட ஆரம்பித்தது. அது வேண்டாம். உண்மையான நேரத்தைச் சரியாகப் போடவே இங்கே வேலை நிறைய இருக்கிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கத்தை 2022 அக்டோபரில் மெக்சிகோ கைவிட்டது. ஆனால் நுவோ லரேடோ போன்ற எல்லை நகராட்சிகளுக்கு விலக்கு. அவை அமெரிக்கக் கடிகாரத்தோடே போகின்றன. உள்ளே தள்ளி இருக்கும் மான்டெரேயில் அப்படி இல்லை. ஆகவே கோடையில் லரேடோவில் மணி ஐந்து அடிக்கும்போது மான்டெரேயில் நான்குதான். அங்கிருந்து சரக்கு அனுப்புகிறவர் இன்னும் நேரம் இருக்கிறதென்று போன் போடுவார். இங்கே கிடங்கைப் பூட்டியிருப்பார்கள். நான் ஸ்பானிஷ் பக்கத்தில் இரண்டு ஊர் நேரத்தையும் போட்டுவிடுகிறேன். மெக்சிகோவின் பண்டிகை வாரத்தில் லரேடோ கடைகளில் கூட்டம் அலைமோதும். அதற்கான சிறப்பு நேரத்தையும் முன்கூட்டியே லிஸ்டிங்கில் ஏற்றிவிட வேண்டும்.

தூரமும் அப்படித்தான். பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்து உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. மேப்பில் கூப்பிடு தூரம் என்று தெரியும் கடைக்கும் நடுவில் ஒரு பாலமும் குடியேற்றச் சோதனை வரிசையும் இருக்கிறதே! நடந்து வருகிறவர்கள் முதல் பாலத்தில் வருவார்கள். இரண்டாம் பாலம் கார், பஸ்ஸுக்கு. சரக்கு லாரிகளுக்கென்று 2000இல் திறந்த வேர்ல்டு டிரேடு பாலம் ஊருக்கு வடமேற்கே இருக்கிறது. எந்தப் பாலத்தில் இறங்கினால் கடை பக்கம் என்று வெப்சைட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் வருகிறவருக்கு அலைச்சல் மிச்சம்.

ரிவியூ விஷயத்தில் ஒன்று மட்டும். எந்த மொழியில் எழுதினாரோ அந்த மொழியிலேயே பதில் சொல்லுங்கள். காசு கொடுத்து ரிவியூ வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போலி ரிவியூக்களைத் தடைசெய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. தெரிந்தே மீறினால் அபராதம்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் இன்னொரு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையைப் பார்த்து ஏற்கெனவே இரண்டாவது லிஸ்டிங் திறந்துவிட்டவர்கள் அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம். இரண்டிலும் பெயர், முகவரி, போன் நம்பரை ஒன்றுபோல் ஆக்கிவிட்டு, இரண்டையும் இணைக்கும்படி கூகுள் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். முகவரி ஒத்துப்போனால் ரிவியூக்களும் பெரும்பாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
இரவுப் பணி வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)