நின்றே வேலை செய்யும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

காலை பத்து மணிக்குச் சேலைப் பிரிவில் நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் உனக்கு விடுதலை. காலையில் தளர்வாக ஆடிய கொலுசு சாயங்காலம் கணுக்காலில் பதிந்து தடம் விடுகிறது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை வைக்கிறாய். இதமாகத்தான் இருக்கும். ஆனால் சூட்டில் ரத்தக்குழாய் இன்னும் விரியும், வீக்கம் வடியாது.

நிற்பதைவிட, அசையாமல் நிற்பதுதான் காலைக் கெடுக்கிறது. பாதத்துக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் சதை. ஒவ்வோர் அடியிலும் அது இறுகி ரத்தக்குழாயைப் பிழிகிறது; உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தம் திரும்பவும் கீழே இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பக்கம் அந்தக் குழாயில் அழுத்தம் 80 - 90 மி.மீ. (பி.பி. அளக்கும் அதே பாதரச அளவு) இருக்கும். நடந்தால் சில அடிகளிலேயே 30க்குக் கீழே வந்துவிடும். வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கி வால்வு பழுதானால் குழாய் புடைத்துச் சுருளும். ஊரில் இதற்கு நரம்பு சுருட்டல் என்று பெயர். பெயரைக் கேட்டு நரம்பு மாத்திரை வாங்கிப் போடாதே. சுருள்வது நரம்பு இல்லை, ரத்தக்குழாய்.

அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி இறக்கு. கவுண்டர் விளிம்பில் இரண்டு விரலை வைத்துக்கொள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. இரண்டு எண்ணுவதற்குள் ஏறி, இரண்டு எண்ணும்வரை நின்று, மூன்று எண்ணி மெதுவாக இறங்கு. இப்படி 15 தடவை. படபடவென்று குதித்தால் சதை முழுதாக இறுகாது. பாரம் சுண்டுவிரல் பக்கம் போனால் கணுக்கால் பிசகும். கட்டைவிரல் பக்கமே இருக்கட்டும். முழங்காலை மடக்காதே. பாதியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் நிறுத்திவிட்டு, விரல்களை முகத்துப் பக்கமாக வளைத்துப் பிடி. கூட்டத்தில் குதிகால் தூக்க வழியில்லையா? சேலை மடிக்கும்போது நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதி.

தண்ணீர் விஷயம். பாத்ரூம் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுக் குடிக்காமல் இருக்கிறாய். நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதற்கு அது ஒரு காரணம். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு லிட்டர், கடை மூடுவதற்குள் இன்னொரு லிட்டர் போதும்.

உட்கார்வது சலுகை இல்லை, தங்கச்சி. கோழிக்கோட்டில் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. நம் தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லாருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் உன் பிரிவில் இருக்கிற நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். ஸ்டூல் கிடைத்தால் வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிஷத்தைக்கூட விடாதே.

ராத்திரி வந்ததும் சுவரோரம் பாய் விரித்துப் படுத்து, இரண்டு காலையும் சுவரில் சாய்த்து 15 நிமிஷம் வை. தலையணை வைப்பதானால் கெண்டைக்கால் முழுக்கத் தாங்கும்படி வை. முழங்காலுக்கு அடியில் மட்டும் வைத்தால் அங்கே அழுந்தும்.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது என்றால், எழுந்திருக்கும் முன்பே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி உன் பக்கம் இழுத்து 30 விநாடி பிடி. மூன்று முறை. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்காதே. தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பும் வெறுங்கால் மாதிரிதான்.

கடைசியாக ஒன்று. உன் கையில் இன்ச் டேப் இருக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து 10 செ.மீ. கீழே, இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்து பார். சாயங்காலம் இரண்டுமே கொஞ்சம் பெருத்து, விடிந்ததும் வடிந்துவிட்டால் அது நின்றதால் வந்த வீக்கம். விடிந்தும் வடியவில்லை, முகமும் வீங்குகிறது என்றால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பெருத்து, வலியோ சூடோ சேர்ந்திருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடாதே. லீவு கிடைக்குமா என்று யோசிக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. மூச்சு வாங்கினால் 108ஐக் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா