எந்த இயங்குதளம் என்பதற்கு முன், எந்தக் கணினி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்ற கட்டற்ற (மூலநிரல் திறந்த, யாரும் பயன்படுத்தி மாற்றிப் பகிரக்கூடிய) இயங்குதளங்களை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் திரைத்தோற்றத்தையும் செயலிகளையும் விரிவாக எடுத்துரைத்தது. அவற்றை எந்தக் கணினியில் நிறுவுவது என்ற கேள்வி மட்டும் அதில் எழவே இல்லை.

இந்த நான்கும் லினக்ஸ் கருனியின் (வன்பொருளை இயக்கும் மைய நிரலின்) மேல் எழுந்த வினியோகங்கள், அதாவது அந்தக் கருனியோடு செயலிகளைச் சேர்த்துத் தரும் தொகுப்புகள். உபுண்டு டெபியனிலிருந்தும், மின்டின் முதன்மைப் பதிப்பு உபுண்டுவிலிருந்தும் கிளைத்தவை. ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் நான்கிலும் கிடைக்கின்றன. புதிதாக வருபவர் லினக்ஸை நிறுவிய சில நாட்களிலேயே கைவிடுகிறார் என்றால், நான் பார்த்தவரை அதற்குக் காரணம் வைஃபை சில்லு இயங்காததோ, மூடித் திறந்த மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழாததோதான். டெபியன் 2023இல் வெளியிட்ட 12ஆம் பதிப்பில்தான் கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர் கோப்புகளை (வைஃபை போன்ற சில்லுகள் இயங்கத் தேவையான நிரல்களை)த் தன் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்த்தது. அதற்கு முன் வைஃபை வேலைசெய்ய ஒரு கோப்பு தேவைப்பட்டது. அந்தக் கோப்பைப் பதிவிறக்க வைஃபை தேவைப்பட்டது! வரைகலை அட்டைகளைத் தயாரிக்கும் என்விடியா, அவற்றை லினக்ஸில் இயக்கும் தன் கருனி நிரல்கூறுகளின் மூலநிரலை 2022இல்தான் திறந்தது, அதுவும் டூரிங் தலைமுறையிலும் அதற்குப் பின்னும் வந்த அட்டைகளுக்கு மட்டுமே.

என்னிடமுள்ள பழைய மடிக்கணினியில் 4 ஜிபி ரேமும் சுழலும் வன்தட்டும் இருந்தன. வேகம் வேண்டி மூன்று வினியோகங்களை மாற்றி மாற்றி நிறுவிப் பார்த்தேன். பெரிய வேறுபாடு தெரியவில்லை. வன்தட்டை எடுத்துவிட்டு சுழலும் பாகமற்ற, வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தியதும், முதலில் நிறுவிய அதே மின்ட் தடையின்றி ஓடியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு இல்லாததாலோ நுண்செயலி (processor) பழையது என்பதாலோ விண்டோஸ் 11க்குத் தகுதிபெறாத, ஆனால் நன்றாக இயங்கும் கணினிகளை வைத்திருப்போருக்கு இந்த அனுபவம் உதவக்கூடும். 32 பிட் கணினி வைத்திருப்போர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெபியன் 13இல் அவற்றுக்கான நிறுவி கிடையாது. லினக்ஸ் அல்லாத மற்றொரு கட்டற்ற இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி, வழங்கிகளில் (server) மதிப்புமிக்கதாயினும், மடிக்கணினி வைஃபையில் லினக்ஸைவிடப் பின்தங்கியே உள்ளது.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு ஒற்றைப்பலகைக் கணினியைத் திறந்த வன்பொருள் (வடிவமைப்பு யாவருக்கும் வெளியிடப்பட்ட வன்பொருள்) என்று கட்டுரையாளர் குறிப்பிட்டதும் திருத்தத்துக்குரியது. 2012 முதல் விற்பனையில் உள்ள அந்தப் பலகையில் லினக்ஸ் ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் அதன் முழு வடிவமைப்புக் கோப்புகள் வெளியிடப்படவில்லை, அதைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேரும் மூடியதே. பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவிலும் (RISC-V) திறந்திருப்பது கட்டளைத் தொகுதிதான், அதாவது நுண்செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் வரையறைதான். அதைக் கொண்டு செய்யப்படும் சில்லை அதன் தயாரிப்பாளர் மூடிவைக்கத் தடையேதும் இல்லை.

முதலில் சொன்ன நான்கு லினக்ஸ் வினியோகங்களையும் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கி, வைஃபை, ஒலி, கேமரா, உறக்கநிலை ஆகிய நான்கையும் அரைமணி நேரத்தில் சோதித்துவிடலாம். அடுத்த முறை இத்தகைய ஒப்பீட்டை வெளியிடும்போது, சோதித்த கணினியின் மாதிரி, வைஃபை சில்லு, ரேம் அளவு ஆகியவற்றையும் உடன் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்