பழந்துணி–பிளாஸ்டிக் பலகை முயற்சி: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழந்துணியையும் பிளாஸ்டிக் கழிவையும் சேர்த்துப் பலகை செய்வதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். சூட்டழுத்த இயந்திரம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அன்று பேசியவர்களில் நானும் ஒருவன். இயந்திரம் வந்தது. வேலை அப்புறம்தான் தொடங்கியது.

முதலில் எடுத்த பலகைகள் எல்லாமே கொப்புளித்துப்போயின. காரணம் ஈரம். தொட்டால் உலர்ந்ததாகத் தெரியும் பருத்தித் துணியிலும் எடையில் 7, 8 சதவீதம் தண்ணீர் இருக்கும். அச்சின் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உப்புகிறது. இப்போது நறுக்கிய துணியை 105 டிகிரியில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, சூடு ஆறுமுன் அச்சில் இடுகிறோம். கொப்புளம் இல்லை. இன்னொரு பாடம்: அச்சைச் சூட்டோடு திறந்தால் பலகை வளைகிறது. அழுத்தத்தை விடாமலே ஆறவிட வேண்டும்.

பிளாஸ்டிக்கைப் பிரிக்கத் தண்ணீர்த் தொட்டியே போதுமாக இருந்தது. நறுக்கிப் போட்டால் பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், குழாய் செய்யும் பிவிசி இரண்டும் மூழ்கும். பெட் உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும், அதற்குள் பருத்தி கருகிவிடும். பிவிசி சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். அது அறைக்குள்ளேயே வரக்கூடாது. பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி அளவில் உருகித் துணியைப் பிணைப்பதால் நமக்கு வாகானது.

பாலியஸ்டர் கலந்த துணியை என்ன செய்வது என்று பயந்தோம். அச்சின் 180 டிகிரிச் சூட்டில் பாலியஸ்டர் உருகாமல் நூலாகவே நின்று வலுச் சேர்க்கிறது. அதைப் பிரிக்க வேண்டிய தலைவலி இல்லை.

ஆனால் பருத்தி தண்ணீரை விரும்பும், பாலிப்ரொப்பிலீன் விலக்கும். இரண்டும் எளிதில் ஒட்டுவதில்லை. உடைந்த விளிம்பில் நூல்கள் உருவிக்கொண்டு வந்ததைப் பார்த்தோம். இரண்டையும் ஒட்டவைக்கும் பொருளாக, மாலெயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை இணைத்த பாலிப்ரொப்பிலீனைச் சிறிதளவு சேர்த்தபின் பிடிப்பு கூடியது.

ஒரு குறை. பட்டனையும் ஜிப்பையும் வெட்டிவிட்டுத் துணி தாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், நறுக்கும் கத்தி மொக்கையாவது நிற்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

வெட்டிய ஓரங்கள் நீரை உறிஞ்சி உப்புவதால், பலகைகளை இப்போதைக்குக் கூரைக்குள் மட்டும் பயன்படுத்தலாம் என்று செயற்குழு கருதுகிறது. மீந்த துண்டுகளை மறுபடி அரைத்து அச்சிடலாம். ஆனால் ஒவ்வொரு அரைப்பிலும் இழை குட்டையாகும். எனவே அதை எந்த அளவு கலக்கலாம் என்ற சோதனையை வரும் ஆண்டுக்கான முதல் வேலையாக முன்மொழிந்து, அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்