புகார்: வாட்டர்மேன் 52 பேனா பழுதுபார்ப்பில் ஏற்பட்ட சேதம்

பெறுநர்
மேலாளர், பேனா பழுதுபார்ப்புப் பிரிவு

பொருள்: சேதம் செய்த வேலைக்குப் பணம் திரும்பக் கோருதல்

ஐயா,

உங்களிடம் கேட்டது இரண்டே வேலை. மை நிரம்பும் ரப்பர் பையான சாக்கை மாற்ற வேண்டும். நிப்பின் பிளவுக்கு இருபுறமும் ஏறி இறங்கி நின்ற கிளைகளைச் சமப்படுத்த வேண்டும். பேனா 1920களின் வாட்டர்மேன் 52. பக்கவாட்டு லீவரை இழுத்து மை ஏற்றும் வகை, கறுப்பு எபோனைட், உடல் முழுக்க வரி வேலைப்பாடு. திரும்பி வந்திருப்பது தவிட்டு நிறப் பேனா.

எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். பல வருட வெளிச்சம் பட்ட அதன் மேற்பரப்பு வெந்நீரில் ஊறினால் பழுப்பும் பச்சையுமாக வெளிறிவிடும். இந்தத் தொழிலுக்கு இது அரிச்சுவடி. நிப் பொருந்தியிருக்கும் பிடிபகுதியான கழுத்தைக் கழற்ற உலர்ந்த சூடு போதும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து, கை பொறுக்கும் சூட்டைத் தாண்டாமல் திருப்பித் திருப்பிக் காட்டினால் பழைய அரக்கு இளகும். நீரில் கழுவ வேண்டியவை நிப்பும் அதன் அடியில் மை கொண்டுவரும் நாக்கும்தான், அதுவும் பச்சைத் தண்ணீரில். என் பேனாவின் பின்முனையில் ஒரு விரல் அகலம் மட்டும் கறுப்பு மிஞ்சியிருக்கிறது. அதற்குக் கீழே கோடு போட்டதுபோல் நிறம் மாறுகிறது. தண்ணீர் நின்ற மட்டம் அது. பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கித் தருவதாக உங்கள் அலுவலர் தொலைபேசியில் சொன்னார். வேண்டவே வேண்டாம். தேய்த்தால் கறுப்பு வரும், வரி வேலைப்பாடும் முத்திரையும் போய்விடும்.

சாக்கை அவலரக்கு (ஷெல்லாக்) வைத்து ஒட்டுவதே அடுத்த முறை லேசான சூட்டில் விட்டுக்கொடுக்கும் என்பதற்காகத்தான். நீங்கள் போட்டிருப்பது சூப்பர் க்ளூ. கழுத்தில் சாக் மாட்டும் காம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இறுகி, அந்த விளிம்பில் ரப்பர் விறைத்து இப்போதே வெடிப்பு விட்டிருக்கிறது. இனி யார் பிரித்தாலும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். காம்பு உடைந்தால் கழுத்தே வீண். சாக்கின் நீளமும் அதிகம். அடியில் முட்டி மடங்கிக் கிடப்பதால் லீவரை இழுத்துவிட்டு நிதானமாகக் காத்திருந்தாலும் பாதி மைதான் ஏறுகிறது.

மனம் பொறுக்காதது நிப் விஷயம்தான். 14 காரட் தங்கம், அழுத்தினால் விரிந்து கொடுக்கும் வகை. உயர்ந்து நிற்கும் கிளையை நகத்தால் மெல்ல அழுத்துவது, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நுனியை நேருக்கு நேர் பார்ப்பது, தேவையானால் மறுபடி அழுத்துவது. வேலை அவ்வளவே, தேய்ப்புக்கு இடமே இல்லை. உங்கள் ஆள் நேராக மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார். பிளவின் உள்விளிம்புகள் உருண்டு போனதால் மை காகிதத்தைத் தொடாமல் உள்ளேயே நிற்கிறது. ஒவ்வொரு எழுத்திலும் முதல் கோடு விழுவதில்லை, அழுத்தினால்தான் வருகிறது. கிளைகளோ இன்னும் சமமாகவில்லை, இடப்பக்கம் இழுத்தால் கீறுகிறது. நுனியின் கடின உலோக மணி தேய்ந்தால் தேய்ந்ததுதான். புது மணி பற்றவைக்க ஆகும் செலவு உங்கள் மொத்தக் கட்டணத்தையே தாண்டும்.

லீவரை இழுக்கும்போது சாக்கை அழுத்தும் தகடான பிரஷர் பார் மாற்றியதாகவும் பில்லில் ஒரு வரி இருக்கிறது. உள்ளே இருப்பது துரு ஏறிய பழையதேதான்.

எனவே முழுக் கட்டணத்தையும், நிப்புக்குப் புது மணி வைக்கும் செலவையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். பேனாவை மறுபடி உங்களிடம் அனுப்புவதாக இல்லை. பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன். தண்ணீர் மட்டக் கோடு, காம்பு, நிப் நுனி மூன்றின் படங்களும் பில் நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பேனாவின் உரிமையாளர்