சும்மா கிடைக்கிற டிரெய்லர் வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவை நேற்று ராத்திரி உன் அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். 22 அடி நீளம், இரண்டு மிதவைக் குழாய், பின்னால் 90 குதிரைசக்தி மோட்டார். நல்ல படகு. மினசோட்டாவில் வீடு வாங்கியபோதே என்றைக்காவது ஒருநாள் இந்த மாதிரி மிதவைக் குழாய்ப் படகு, பாண்டூன், வாங்குவீர்கள் என்று நினைத்தேன். அந்தப் படகே அங்கே பிறந்ததுதான். 1950-களின் தொடக்கத்தில் ரிச்மண்ட் என்ற சின்ன ஊரில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து இரண்டு வரிசையாக்கி, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் இறக்கினார். இன்றைக்கு அலுமினியக் குழாய், சோபா, பாட்டுப் பெட்டி எல்லாம் வந்துவிட்டாலும் அடிப்படை அதேதான்.

படகில் எனக்குக் குறையே இல்லை. போட்டோவின் ஓரத்தில் நிற்கிற, படகை ஏற்றி வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற டிரெய்லரைப் பார்த்ததும்தான் தூக்கம் போய்விட்டது. "விற்பவர் அதைச் சும்மாவே தருகிறார், எடுத்துக்கொள்ளலாமாப்பா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் சாமி. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது சிசர் டிரெய்லர். கத்தரி மாதிரி மடங்கி நிமிர்கிற சட்டம். இரண்டு குழாய்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நுழைந்து, வின்ச் என்கிற கைராட்டையைச் சுற்றினால் படகின் அடித்தளத்தைத் தூக்கிப் பிடிக்கும். சில வேலைகளுக்கு அதைவிட வசதியானது கிடையாது. குளிர்காலத்துக்குப் படகைக் கட்டைமேல் இறக்கி வைத்துவிட்டு டிரெய்லரை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடலாம். படகுத்துறைக்காரர்கள் கொட்டகைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மைல், இரண்டு மைல் இழுப்பதற்கு அதைத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் குழாய்களுக்கு நடுவே நுழைய வேண்டும் என்பதால் சக்கரங்கள் நெருங்கி இருக்கும். மேலே எட்டரை அடி அகலப் படகு உயரத்தில் உட்கார்ந்திருக்கும், கீழே கால்கள் ஒடுங்கியிருக்கும். நீ போக நினைப்பது மில் லாக்ஸ் ஏரிக்கு. மினியாபொலிஸிலிருந்து நூறு மைல் அளவில் இருக்கிறது. அந்த டிரெய்லர் அதற்கு ஆகாது.

இதை நான் எங்கோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. நீ மூன்றாம் வகுப்பு படித்த கோடையில் நாம் இங்கே மிச்சிகனில் ஹவுட்டன் ஏரிக்குப் போனது நினைவிருக்கிறதா? அப்போது நம்மிடம் இருந்ததும் சிசர்தான். ஐ-75 நெடுஞ்சாலையில் சாகினா ஊர் தாண்டி ஜில்வாக்கி பாலத்தில் ஏறினோம். ஆற்றுக்கு மேலே அத்தனை உயரத்தில் போகிற பாலம், மறைப்பு ஒன்றும் கிடையாது. பக்கவாட்டில் காற்று அடித்தது. முதலில் கண்ணாடியில் படகின் இடது பக்கம் மட்டும் தெரிந்தது, அடுத்த நொடி வலது பக்கம். வால் ஆட ஆரம்பித்துவிட்டது. நான் பதறி பிரேக்கை அழுத்தினேன். அது தப்பு. அழுத்தியதும் ஆட்டம் இன்னும் கூடியது. பக்கத்துத் தடத்தில் ஒரு பெரிய லாரி. உன் அம்மா என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தேன், வேகம் தானாக இறங்கியது. பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தி, பேச்சே வராமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நீ பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னிடம் நாங்கள் இதைச் சொன்னதே இல்லை. அப்புறம் ஏன் ஹவுட்டன் ஏரிக்குப் படகை எடுத்துப் போகவில்லை என்று பல தடவை கேட்டாயே, இதுதான் காரணம்.

அதனால் நீ வாங்க வேண்டியது பங்க் டிரெய்லர், அதுவும் இரட்டை ஆக்சில், அதாவது இரண்டு அச்சு, நாலு சக்கரம். இதில் நீளமான கட்டைகள் இருக்கும், ஒவ்வொரு குழாயும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொட்டிலில் படுத்த மாதிரி படுத்திருக்கும். படகு தாழ உட்காரும், சக்கரங்கள் அகலமாக நிற்கும். துறையில் இறக்கும்போது டிரெய்லரைக் கொஞ்சம் ஆழமாகத் தண்ணீருக்குள் விட வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். ஒற்றை ஆக்சிலிலும் 22 அடிப் படகைச் சிலர் இழுக்கிறார்கள். ஆனால் ஒரு டயர் வெடித்தால் அந்தப் பக்கம் தாங்க வேறு டயர் இல்லை. இரட்டையில் இன்னொரு டயர் தாங்கும், நிதானமாக ஓரங்கட்டலாம்.

இப்போது எடைக் கணக்கு. பேப்பர் எடுத்துக்கொண்டு நீயும் போட்டுப் பார். விற்பவர் சொன்ன 2,100 பவுண்டு வெறும் படகின் எடை. மோட்டார் அதில் சேராது, அதற்கு 360. பெட்ரோல் கேலனுக்கு ஆறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் வரும், 30 கேலன் நிறைத்தால் 185. பேட்டரி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி, மாப்பிள்ளையின் தூண்டில் சாமான் எல்லாம் சேர்த்து 250 என்று வை. ஏறக்குறைய 2,900 ஆகிவிட்டது. இரட்டை ஆக்சில் டிரெய்லரின் சொந்த எடை 1,200-ஐ ஒட்டி இருக்கும். ஆக, வண்டிக்குப் பின்னால் வரப்போவது 4,100 பவுண்டு.

டிரெய்லரில் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பு போட்டிருக்கும். பலரும் ஏமாறுகிற இடம் அதுதான். அந்த எண்ணில் டிரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். 3,500 என்று போட்டிருந்தால், டிரெய்லர் 1,000 போக 2,500 பவுண்டுதான் ஏற்றலாம். உனக்கு விளிம்பில் நிற்காத டிரெய்லர் வேண்டும், தகட்டில் 5,000-க்குப் பக்கமாக இருப்பதைப் பார்.

உன் ஹைலேண்டர் ஹைபிரிட் கார் இழுக்கக்கூடியது 3,500 பவுண்டுதான். அதனால் படகை இழுப்பது மாப்பிள்ளையின் பிக்கப் வேலை. அந்த வண்டியின் கையேட்டில் இழுவை வரம்பையும், கொக்கியில் எழுதியிருக்கும் வரம்பையும் இரண்டையும் பார்க்கச் சொல். எது சின்னதோ அதுதான் கணக்கு. கொக்கிப் பந்தின் அளவும் டிரெய்லர் முனையில் அச்சடித்திருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குலப் பந்தில் 2 5/16 அங்குல முனையை மாட்டினால் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், மேடு பள்ளத்தில் கழன்றுவிடும்.

பிரேக் விஷயத்தில் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே. மினசோட்டாவில் 3,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குப் பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஜில்வாக்கி பாலத்தில் நான் இழுத்ததில் பிரேக்கே கிடையாது. படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் சர்ஜ் பிரேக்தான் வரும். முன்வண்டி வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் முட்டும், அந்த முட்டலே பிரேக் எண்ணெயை அழுத்திச் சக்கரத்தைப் பிடிக்கும். ஆனால் பின்னால் தள்ளும்போதும் முட்டும் இல்லையா? அப்போது பிரேக் பிடிக்காமல் இருக்க, ரிவர்ஸ் விளக்கின் கம்பியிலிருந்து அதற்கு ஒரு தனி இணைப்பு உண்டு. பிக்கப்பில் டிரெய்லர் விளக்குக்கான நாலு முனை பிளக் மட்டும் இருந்தால் அது வேலை செய்யாது. ஐந்தாவது முனை இருக்கிறதா பார்த்துவிட்டு வாங்கு. இல்லையென்றால் துறையின் சரிவில் முதல் நாளே திண்டாடுவீர்கள்.

கட்டைகளைக் குனிந்து பார். மேலே கம்பளம் சுற்றியிருக்கும், உள்ளே என்ன மரம் என்று கேள். அழுகாமல் இருக்கத் தாமிர மருந்து ஏற்றிய மரமாக இருந்தால் அது அலுமினியத்தை அரிக்கும். ஈரக் கம்பளம் அதோடு சேர்ந்தால் குழாயில் பொடிப்பொடியாகக் குழி விழும், படகைத் தூக்கிப் பார்க்கும்வரை தெரியாது. பிளாஸ்டிக் உறை போட்ட கட்டை நல்லது. கட்டைகளின் இடைவெளி உன் படகின் குழாய் இடைவெளிக்குப் பொருந்த வேண்டும், கட்டை குழாயின் பின்முனைவரை போக வேண்டும், ஏனென்றால் மோட்டாரின் எடை அங்கேதான் தொங்குகிறது. சட்டம் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்போ அலுமினியமோ, இரண்டும் சரி. வெறும் பெயின்ட் அடித்த இரும்பு அங்கே பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்புக்குத் தாங்காது.

படகை ஏற்றியபின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 400 பவுண்டு அளவில், கொக்கிமேல் உட்கார வேண்டும். பின்பாரம் ஆனால் வால் ஆடும். வின்ச் நிற்கிற கம்பத்தை முன்னே பின்னே நகர்த்தி இதைச் சரிசெய்யலாம், விற்பவரையே செய்துதரச் சொல்.

நாமக்கல்லில் என் அப்பா, உன் அப்பாரு, லாரி ஓட்டிய காலத்தில், நான் பள்ளி விடுமுறைக்குக் கூடப் போவேன். டீக்கடையில் நிறுத்தினால் டீ சொல்வதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கை பொறுக்காத சூடு என்றால் பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம். படகு டிரெய்லருக்கு இது இன்னும் அவசியம் கண்ணு. சாலையில் சுட்டுப்போன ஹப்பைக் குளிர்ந்த ஏரியில் முக்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கிரீஸ் கெட்டுப்போகும். ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி போட்டிருக்கிறதா பார். துறையில் இறக்கும் முன்னால் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். புறப்பட்டு இருபது மைலில் ஒருமுறை நிறுத்திப் புறங்கையை வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையைச் செய்யச் சொல்லாதே, நீயே செய். உன் அப்பாருவின் பேத்தி நீ.

டயர் காருக்கு உள்ளது ஆகாது, டிரெய்லர் டயர் என்பதற்கு அடையாளமாக எஸ்.டி. என்று எழுதியிருக்க வேண்டும். பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் மேல்பட்டன் தேயாமல் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வயதானதை நம்பாதே. வெயிலில் நின்று நின்றே செத்துப்போகும்.

இழுக்கும்போது மேல் துணிப்பந்தலை மடக்கிக் கட்டிவிடுங்கள். ஏரியை விட்டு வெளியே வரும்போது பாசியை எடுத்து, வடிகால் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும், அங்கே அது சட்டம். இங்கே நம் செயின்ட் கிளேர் ஏரியில் 1988-இல் கண்டுபிடித்த, ஜீப்ரா மசல் என்கிற வரிச்சிப்பிதான் இன்றைக்கு மில் லாக்ஸ்வரை போயிருக்கிறது. டிரெய்லர் கட்டையில் தொங்குகிற ஒரு கொத்துப் பாசி போதும் அதற்கு.

விலை கூடுகிறதே என்று நீ யோசிப்பாய். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் படகின் சோபாவுக்குப் புது உறை போடுவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளு. குறைகிற பணத்தை நான் தருகிறேன், இதில் உன்னோடு வாதம் செய்யமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டிரெய்லர் பார்க்கப் போகும்போது தகட்டையும் டயர் எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஸ்டெப்னி உண்டா என்றும் கேள், பெரும்பாலும் தரமாட்டார்கள். மே மாதம் வரும்போது ஜாக்கியும் வீல் பானாவும் நான் கொண்டுவருகிறேன், காரோடு வருகிற பானா அதன் நட்டுக்குச் சேராமல் போகலாம். முதல் தடவை மில் லாக்ஸ் போகும்போது உன் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்து வருகிறேன். அம்மா பின்னால் உட்காரட்டும்.

அன்புடன்,
அப்பா